முதலாண்டுக் கணிதம் யாருக்காக?

சங்க ஏட்டுக்குக் கணிதத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஆசிரியர் குழுவிலுள்ள நண்பர் முகத்தைச் சுளித்தார். கவிதை இருக்கிறது, கதை இருக்கிறது, பொங்கல் விழா அறிக்கை இருக்கிறது. இவற்றுக்கு நடுவே சூத்திரம் எதற்கு என்பது அவர் கேள்வி. சூத்திரங்களால் பக்கத்தை நிரப்ப மாட்டேன் என்று வாக்களித்த பிறகே இடம் கிடைத்தது. வாக்கைக் காப்பாற்ற முயல்கிறேன். ஆனால் தமிழ்ச் சங்கத்துக்கும் கணிதத்துக்கும் என்ன உறவு என்று அவர் கேட்டதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாதங்களில் நம் நாட்டுப் பக்கமிருந்து புதிய தம்பிகளும் தங்கைகளும் இவ்வளாகத்துக்கு வந்து சேருகிறார்கள். வரவேற்பு விழா நடத்துகிறோம். இட்லி கிடைக்கும் கடையைக் காட்டுகிறோம். ஆட்டோக்காரரிடம் இந்தியில் விலை பேசக் கற்றுக் கொடுக்கிறோம். கார்த்திகை பிறக்கும்போது அவர்களில் சிலர் என் விடுதி அறைக் கதவைத் தட்டுகிறார்கள். கேள்வி ஒன்றேதான்: "அண்ணா, கணக்குப் பாடத்தை மாற்றிக்கொள்ள முடியுமா?"

இவர்கள் கணக்கு வராதவர்கள் அல்லர். பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் வாங்கியவர்கள். ஊரில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள். நான்கு மாதத்தில் இவர்களுக்கு என்ன நேர்ந்தது? தருமபுரிப் பக்கத்துத் தம்பி ஒருவன், குடும்பத்திலே முதன்முதல் கல்லூரி வாசலை மிதித்தவன், சென்ற ஆண்டு இரண்டு கணிதத் தாள்களிலும் தவறிவிட்டு, இரண்டாம் பருவம் முடியுமுன்னே பெட்டியைக் கட்டினான். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். அவனுக்கு அறிவு குறைவு என்று யாரேனும் சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

நான் கணித மாணவன் அல்லன். வேதியியலில் முதுநிலை படிக்கிறேன். கணிதத்தைக் கருவியாகக் கொண்டு பிழைக்கிறவன். தந்தையாரின் உத்தியோகம் காரணமாகச் சிறுவயதிலேயே டில்லிக்கு வந்துவிட்டதால் இந்தியும் ஆங்கிலமும் எனக்குத் தடையாக இருக்கவில்லை. ஆகவே என் குறையைச் சொல்லி அழுவதற்காக இதை எழுதவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

முதலாண்டு வகுப்பின் முதல் வாரத்தில் நடப்பது இதுதான். பேராசிரியர் கரும்பலகையில் எல்லை என்பதன் வரையறையை எழுதுகிறார். "ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு, அந்த டெல்டாவுக்குள் நீ நின்றால், சார்பின் மதிப்பு எப்சிலானுக்குள் நிற்கும்" என்பது அதன் சாரம். அப்பழுக்கற்ற வரையறைதான், ஐயமில்லை. ஆனால் இது எந்தக் கேள்விக்கு விடை? கேள்வி என்னவென்று மாணவனுக்கு யாரும் சொல்லவில்லை. பசிக்காதவனுக்குப் பந்தி விரித்தது போல் இருக்கிறது. அவன் அதை மனப்பாடம் செய்கிறான், தேர்வில் எழுதுகிறான், பிறகு மறந்துவிடுகிறான். மறக்க முடியாதவன் பாடத்தை மாற்றுகிறான்.

கணிதத்தின் வரலாறு இந்த வரிசையில் நடக்கவில்லை என்பதை நண்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். லைப்னிட்ஸ் வகைநுண்கணிதத்தைப் பற்றிய தம் முதற்கட்டுரையை வெளியிட்டது 1684-இல். நியூட்டன் அதற்கு முன்பே, 1660-களில், தம் வழியில் அதைக் கண்டிருந்தார். அந்த நாளில் எல்லைக்கு ஒரு திட்டமான வரையறை கிடையாது. 1734-இல் பெர்க்லி என்ற பாதிரியார் ஒரு நூல் எழுதி, "உங்கள் நுண்ணளவுகள் ஒருசமயம் உண்டு என்கிறீர்கள், மறுசமயம் இல்லை என்கிறீர்கள்; இது என்ன நியாயம்?" என்கிற பொருள்பட எள்ளி நகையாடினார். அவர் கேட்டது நேர்மையான கேள்வியே. அதற்கு ஒழுங்கான விடை 1821-இல் கோஷி எழுதிய பாடநூலில்தான் உருப்பெறத் தொடங்கிற்று. வையர்ஸ்ட்ராஸ் பெர்லினில் நடத்திய விரிவுரைகளில்தான் நாம் இன்று மனப்பாடம் செய்யும் எப்சிலான், டெல்டா வடிவம் முழுமை பெற்றது. இடையே ஒன்றரை நூற்றாண்டு! ஆய்லர் போன்ற மேதைகள் இந்த வரையறை இல்லாமலே மலைமலையாகக் கணிதம் படைத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டுச் சிந்தனையின் கடைசிப் படியைப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் வாரத்தில் முதற்படியாகக் காட்டுகிறோம். அவன் இடறி விழுவதில் வியப்பென்ன?

வரையறையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். வேண்டும், ஆனால் அதன் தேவையை அவன் உணர்ந்த பிறகு வேண்டும். அதற்கு வழி உண்டு. நம் தென்னாட்டிலேயே உண்டு.

கேரளத்தில் பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சங்கமகிராம மாதவர் பெயரால் வழங்கும் ஒரு தொடரைப் பாருங்கள். ஒன்றிலிருந்து 1/3-ஐக் கழி; 1/5-ஐக் கூட்டு; 1/7-ஐக் கழி; இப்படியே ஒற்றைப்படை எண்களைக்கொண்டு கழித்தும் கூட்டியும் போய்க்கொண்டே இரு. வந்ததை நான்கால் பெருக்கு. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம், அதாவது 'பை', கிடைக்கும். ஐரோப்பாவில் இத்தொடர் பதினேழாம் நூற்றாண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

இதை ஒரு தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் உறுப்போடு நிறுத்தினால் 4. இரண்டோடு நிறுத்தினால் 2.667. மூன்றோடு 3.467. நான்கோடு 2.895. ஊஞ்சலைப்போல் அங்கும் இங்கும் ஆடுகிறது. ஆட்டம் சிறுகச் சிறுகக் குறைகிறது. பத்து உறுப்புக் கூட்டினால் 3.0418. நூறு உறுப்புக் கூட்டினாலும் 3.1316-தான். பை 3.1416 அல்லவா? நூறு உறுப்புக் கூட்டியும் இரண்டாம் தசமத்திலேயே பிழை! இப்போது மாணவன் தானாகவே கேட்பான்: "இது எப்போதுதான் சரியாக வரும்? ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் பிழை இருக்க வேண்டுமென்றால் எத்தனை உறுப்பு வேண்டும்?" ஏறத்தாழ ஆயிரம் உறுப்பு வேண்டும். இலட்சத்தில் ஒரு பங்குக்குள் வேண்டுமென்றால் ஏறத்தாழ இலட்சம் உறுப்பு. நீ பொறுத்துக்கொள்ளும் பிழையைச் சொல், எத்தனை உறுப்பு என்பதை நான் சொல்கிறேன். நீ எவ்வளவு சிறிய பிழையைச் சொன்னாலும் என்னால் விடை சொல்ல முடியும். இந்த ஒப்பந்தம்தான் எல்லை என்பது. எப்சிலான் வேறொன்றுமில்லை, நீ பொறுத்துக்கொள்ளும் பிழை. இப்படிக் கேட்ட பிறகு கரும்பலகையில் வரையறையை எழுதிப் பாருங்கள். அதே எழுத்துகள், ஆனால் வகுப்பில் வேறு முகங்கள்.

கதை இத்தோடு முடியவில்லை. கேரளத்தார் இவ்வளவு மெதுவாகச் செல்லும் தொடரை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. நிறுத்திய இடத்தில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். மிக எளிய திருத்தம், நான்கால் பெருக்குமுன், உறுப்புகளின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கி அதன் தலைகீழைச் சேர்ப்பது. பத்து உறுப்புக்குப் பின் 1/40. அதைச் சேர்த்ததும் 3.0418 என்பது 3.1418 ஆகிவிடுகிறது. நூறு உறுப்புக்குப் பின் சேர்த்தால் 3.141593. பத்து உறுப்போடு ஒரு சிறு திருத்தம் செய்யும் வேலையை ஆயிரக்கணக்கான உறுப்புகளால்தான் செய்ய முடியும். பிழையை ஒழிக்க முடியாவிட்டாலும் பிழையின் அளவை அறியலாம், அறிந்தால் அதைக் கொண்டே பயன் பெறலாம் என்ற பாடத்தை எந்த விஞ்ஞான மாணவனும் தன் வாழ்நாள் முழுதும் பயன்படுத்துவான். என் ஆய்வுக்கூடத்தில் நான் நாள்தோறும் செய்வது இதுவே.

இதைச் சொல்வது நம்மவர் பெருமை பேசுவதற்காக அன்று. பெருமை பேசுவதற்கு மேடைகள் உண்டு. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. இம்மரபின் முடிவுகளைக் காரண காரியங்களோடு விளக்கும் 'யுக்திபாஷா' என்ற நூலை ஜ்யேஷ்டதேவர் ஏறத்தாழ 1530-இல் எழுதினார். சமஸ்கிருதம் கோலோச்சிய காலத்தில் அவர் அதை மலையாளத்தில் எழுதினார். அதுவும் செய்யுளில் அன்று, உரைநடையில்! ஐந்து நூற்றாண்டுக்கு முன் ஓர் ஆசிரியருக்குத் தோன்றிய இந்த எண்ணம், இன்று பாடத்திட்டம் வகுப்போருக்குத் தோன்றவில்லை. 2025-இல் பல்கலைக் கழக மானியக் குழு வெளியிட்ட கணிதப் பாடத்திட்ட வரைவில் பண்டைய பாரதக் கணிதத்துக்கு நிறைய இடம் தந்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான கணித அறிஞர்கள் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பழையதைத் தனிப் பாடமாகச் சுமத்துவதால் யாருக்கும் நன்மை விளையாது. முதல் வாரத்து வகுப்பில் மேற்சொன்ன தொடரை ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்தால் போதும்.

இனி என் போன்றோர் நிலைமைக்கு வருகிறேன். வேதியியல், உயிரியல், பொருளியல் படிப்போர்க்கும் முதலாண்டில் கணிதம் உண்டு. நம் வளாகத்தில் அவர்களுக்குத் தரப்படுவது என்ன? கணித மாணவனுக்குத் தைத்த சட்டையின் கையை வெட்டிக் கொடுக்கிறார்கள். தேற்றத்தின் நிரூபணத்தை நீக்கிவிட்டுத் தேற்றத்தை மட்டும் வைத்துக்கொள் என்கிறார்கள். நிரூபணமும் இல்லை, பயனும் இல்லை. நாற்பது வகைத் தொகையீடுகளைச் சளைக்காமல் போடும் வேதியியல் மாணவனிடம், ஒரு மருந்தை ஆறு மணிக்கொரு முறை உண்ணச் சொல்வது ஏன், நாளுக்கு ஒரு முறை போதாதா என்று கேளுங்கள். உடம்பில் உள்ள மருந்தின் அளவுக்கு ஏற்ற வேகத்தில் அது குறைகிறது. ஆகவே சம கால இடைவெளிதோறும் பாதி பாதியாகிறது. அந்தக் காலம் சிறிதானால் அடிக்கடி உண்ண வேண்டும். இவ்வளவுதான் விஷயம். கதிரியக்கத் தனிமம் தேய்வதும் இதே கணக்கு, முதல்வரிசை வேதிவினையும் இதே கணக்கு. ஆனால் மூன்றையும் மூன்று துறைகளில் மூன்று தனித்தனிச் சூத்திரங்களாக நாங்கள் மனப்பாடம் செய்தோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதைப் பற்றித்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

எடுத்துக்காட்டுக்கு எங்கும் போக வேண்டாம். 2023 ஜூலையில் யமுனை பெருக்கெடுத்து ஊருக்குள் வந்ததை அப்போது இங்கிருந்த மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1978-இல் எட்டிய 207.49 மீட்டர்தான் அதுவரை உச்சம். ஜூலை 13-ஆம் நாள் பழைய இரயில் பாலத்தருகே 208.66 மீட்டர் தொட்டது. அந்நாட்களில் விடுதி முழுதும் ஒரே பேச்சு: "எவ்வளவு உயரம்? மணிக்கு எவ்வளவு ஏறுகிறது?" முதற்கேள்வி சார்பைப் பற்றியது, இரண்டாவது அதன் வகைக்கெழுவைப் பற்றியது. "இன்னும் ஏறுகிறது, ஆனால் ஏறும் வேகம் தணிந்துவிட்டது" என்று யாரோ சொன்னதும் எல்லோரும் பெருமூச்சு விட்டார்களே, அது இரண்டாம் வகைக்கெழு. கணிதத்துக்குப் பயந்து ஓடிய வரலாற்று மாணவர்களும் அன்று அதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள்.

அவ்வாறே நம் வீடுகளில் தந்தையார் காலையில் செய்தித்தாளைத் திறந்ததும் பார்ப்பது மேட்டூர் அணையின் நீர்மட்டம். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு உயரம் 120 அடி. நீர்வரத்தோ வினாடிக்கு இத்தனை கனஅடி என்று இருக்கும். வினாடிக்கு வரும் கனஅடியை எப்படி டி.எம்.சி. ஆக்குவது? ஒரு நாளில் 86,400 வினாடி, ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி. ஆகவே ஏறத்தாழ 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுதும் வந்தால் ஒரு டி.எம்.சி. சேரும். வரத்து மணிக்கு மணி மாறினால்? அப்போது சிறு சிறு நேரத் துண்டுகளாக்கிக் கூட்ட வேண்டும். அதுவே தொகையிடல். இன்னொன்றும் கேட்கலாம். நீர்மட்டம் 60 அடி என்றால் அணையில் பாதி நீர் இருக்கிறதா? இல்லை, பாதியைவிட மிகக் குறைவு. அணை மேலே விரிந்தும் அடியில் குறுகியும் இருப்பதால், மேல்மட்டத்தில் ஏறும் ஓர் அடியும் அடிமட்டத்தில் ஏறும் ஓர் அடியும் ஒன்றல்ல. ஓர் அடி உயர்வுக்கு எவ்வளவு நீர் கூடுகிறது என்பது அந்த மட்டத்தில் நீர் பரந்திருக்கும் பரப்பே. வகையிடலையும் தொகையிடலையும் இணைக்கும் அடிப்படைத் தேற்றம் என்று பாடநூலில் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்களே, அது இங்கே கண் முன் நீர்ப் பரப்பாக விரிந்து கிடக்கிறது.

மொழியின் இடர் தனியே பேச வேண்டியது. தமிழ் வழியில் படித்து வரும் தம்பிக்கு வகைக்கெழு தெரியும், தொகையீடு தெரியும், அணியும் அணிக்கோவையும் தெரியும், நிகழ்தகவு தெரியும். இங்கே ஆசிரியர் ஆங்கிலத்தில் டெரிவேட்டிவ் என்கிறார். விளக்கும்போது இந்திக்குத் தாவி அவகலஜ் என்கிறார். அணி என்பது மேட்ரிக்ஸ் ஆகி ஆவ்யூஹ் ஆகிறது. பொது நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுத அனுமதித்தார்கள். வாயிலைத் தாண்டியதும் அம்மொழிக்கு வேலையில்லை. சொற்பட்டியல் ஒன்று இருந்தால் ஒரு வாரத்தில் இச்சிக்கல் தீரும். அது சிறிய சிக்கல்.

பெரிய சிக்கல் வாக்கியத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் கணித வாக்கியம் சொற்களின் வரிசையாலே பொருள் தருவது. "ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு" என்பதும் "ஒன்று உண்டு, அது ஒவ்வொன்றுக்கும்" என்பதும் வேறு வேறு. வகுப்பில் வேகமாக வரும் ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு காதில் விழுவதே இல்லை. ஒரு தங்கைக்கு நான் இப்படிச் சொன்னேன்: "ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு. எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் ஒரே சாவி உண்டு. இரண்டும் ஒன்றா?" கலகலவென்று சிரித்துவிட்டு, "இரண்டாவது திருடன் கையில் இருப்பது அண்ணா" என்றாள். சாதாரணத் தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு அதுவே. மூன்று வாரமாக விளங்காதது அரை நிமிடத்தில் விளங்கிற்று. தமிழில் சிந்திக்கத் தெரிந்தது அவளுக்குக் குறையா, பலமா?

எல்லோர்க்கும் ஒரே கணிதம் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவோரும் உண்டு. அதையும் இந்நகரம் கண்டிருக்கிறது. டில்லிப் பல்கலைக் கழகம் 2013 ஜூலையில் நான்காண்டுப் பட்டப் படிப்பைத் தொடங்கியபோது, அனைவரும் கற்க வேண்டிய அடித்தளப் பாடங்களுள் கணிதத் திறனை வளர்க்கும் பாடம் ஒன்றையும் வைத்தது. இலக்கியம் படிப்பவரும் கணிதமே படிப்பவரும் ஒரே பாடத்தைக் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவருக்குச் சலிப்பும் மற்றொருவருக்கு அச்சமும் தரும் பாடம் யாருக்குப் பயன்படும்? மறு ஆண்டு ஜூனில் அத்திட்டம் முழுவதுமே கைவிடப்பட்டது. 2022-இல் நான்காண்டுப் படிப்பு வேறு வடிவில் மீண்டும் வந்திருக்கிறது. பிற துறைப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வந்திருக்கிறது. உரிமை வந்தால் போதுமா? தேர்ந்தெடுக்கத் தக்க பாடம் அங்கே இருக்க வேண்டுமே.

இலக்கியமும் வரலாறும் படிப்பவர்களுக்கு நான் வகுக்கும் பாடத்தில் வகையிடலே இருக்காது. எண்ணிக்கையும் வாய்ப்பும் இருக்கும். ஒரு நோய் ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சோதனை, நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைக் கண்டுபிடிக்கும். நோயற்றோரில் நூற்றுக்கு ஒன்பது பேரைத் தவறாக நோயாளி என்று சொல்லும். உங்களுக்கு நோய் உண்டு என்று அச்சோதனை சொன்னால் எவ்வளவு அஞ்ச வேண்டும்? நோயற்ற 990 பேரில் ஏறத்தாழ 89 பேர் தவறாகச் சிக்குவார்கள். உண்மை நோயாளிகள் ஒன்பது பேர். சிக்கிய 98 பேரில் ஒன்பதே பேருக்குத்தான் நோய்! கூட்டல், பெருக்கலுக்குமேல் இதில் ஒன்றுமில்லை. ஆனால் படித்தவர்களில் பலரும் இதில் தடுமாறுவார்கள். பத்திரிகைத் துறைக்கும் அரசுப் பணிக்கும் போகவிருக்கும் நண்பர்களுக்கு இது வேண்டுமா, எப்சிலான் வேண்டுமா?

பாடத்தை எளிதாக்கினால் தரம் குறையும், இராமானுஜன்கள் தோன்ற மாட்டார்கள் என்று சில பேராசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் சங்க மேடையிலும் டிசம்பர் 22 வந்தால் இராமானுஜன் பெயரைச் சொல்லாமல் எவரும் இறங்குவதில்லை. ஆனால் அவர் கல்லூரி வரலாறு என்ன? 1904-இல் உதவித் தொகையோடு கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். மற்றப் பாடங்களைக் கவனியாததால் அத்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் வெற்றி பெறவில்லை. அவரைப் பாடத்திட்டம் உருவாக்கவில்லை. எந்தப் பாடத்திட்டமும் அவரைத் தடுத்திருக்கவும் முடியாது. அவரைக் காட்டி, தருமபுரித் தம்பியின் வழியை அடைப்பது நியாயமா?

இந்த விஷயத்தில் எனக்கு வேறொருவர் நினைவுதான் வருகிறது. சென்னை இலயோலாக் கல்லூரியில் பல ஆண்டுகள் கணிதம் கற்பித்த சார்லஸ் ரசீன் பாதிரியார். பிரெஞ்சு நாட்டவர்; 1937-இல் இந்தியாவுக்கு வந்தார். பரீட்சைக்கு அப்பாலும் கணிதம் உண்டு என்று இளைஞர்களுக்குக் காட்டினார்; அந்நாளைய புதிய கணிதத்தை அறிமுகம் செய்தார்; தகுதியுடையோரைப் பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகத் தூண்டினார். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் அவர் மாணவர்கள். உலகம் அறிந்த அவ்விருவரையும் உருவாக்கியது பரீட்சைத் தாளின் கடுமை என்று யாரும் சொல்வதில்லை. நம் வளாகத்திலோ முதலாண்டு வகுப்பு பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் தற்காலிக ஆசிரியர் தலையில் விழுகிறது. மூத்த பேராசிரியர்கள் முதுநிலை வகுப்புகளுக்கு மட்டுமே வருகிறார்கள். தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் துணிபு. எங்களுக்குத் தற்காலிக ஆசிரியர் போதும். நாங்கள் எப்படியும் படித்துக்கொள்வோம். ஊரைவிட்டு முதன்முதல் வந்திருக்கும் பிள்ளைக்குத் துறையிலேயே சிறந்த ஆசிரியர் வேண்டும்.

பயிற்சிக் கூடங்களில் இரண்டாண்டு காலம் குறுக்குவழி பயின்று வருவோரைப் பற்றியும் ஒரு சொல். வகுப்பில் முதல் மாதம் அவர்கள் கையே ஓங்கி நிற்கிறது. அதைக் கண்டு நம்மவர்கள் மனம் குன்றுகிறார்கள். குன்ற வேண்டாம். அவர்களுக்கும் வரையறை விளங்குவதில்லை. விடை மட்டும் விரைவாக வருகிறது.

துறைத் தலைவர்களிடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். கணிதம் பயன்படுத்துவோர்க்கும் கணிதமே படிப்போர்க்கும் மற்றையோர்க்கும் வேறு வேறு பாடம் வேண்டும். முதலாண்டுப் பயிற்சி வகுப்பு இருபது பேருக்குமேல் போகக்கூடாது. வரையறையை எழுது என்ற கேள்விக்குப் பதிலாக, வரையறை பொருந்தாத ஓர் எடுத்துக்காட்டைக் கொடு என்று கேட்க வேண்டும். மனு எழுதுவது எளிது. அது எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பாடத்திட்டம் மாறுவதற்குள் இன்னும் நான்கைந்து அணி மாணவர்கள் வந்து போய்விடுவார்கள்.

ஆகவே சங்கத்திடம் நான் கேட்பது வேறு. சனிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை, முதலாண்டு மாணவர்களுக்குத் தமிழில் கணித வகுப்பு. கணிதத்தில் ஆராய்ச்சி செய்யும் அக்காள் ஒருவரும் இயற்பியல் நண்பர் ஒருவரும் என்னுடன் சேர்ந்து நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஊதியம் யாரும் கேட்கவில்லை. ஆண்டு விழாவின் மெல்லிசைக் குழுவுக்கு நாம் கொடுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் ஆண்டு முழுதும் சுண்ணக்கட்டியும் தேநீரும் வாங்கலாம். மெல்லிசையை நிறுத்தச் சொல்லவில்லை. நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பவன்தான். தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் கணிதச் சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்து வருகிறேன். இருநூறு சொற்கள் ஆகியிருக்கின்றன. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் வழிப் பாடநூல்களை இன்னும் வைத்திருப்பவர்கள் ஒரு மாதம் கடன் தந்தால் மீதியையும் முடித்துவிடுவேன்.

செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்வதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். வகுப்புக்கு வர விரும்பும் தம்பி தங்கைகள் தங்கள் பெயரையும், இப்போது எந்த இடத்தில் நின்றுவிட்டார்கள் என்பதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அவரிடம் கொடுக்கலாம். பெயர் எழுதக் கூச்சமாக இருந்தால், நின்ற இடத்தை மட்டும் எழுதினாலும் போதும்.